பானுமதி: சொந்தக் குரல், சொந்த ஸ்டூடியோ

1956 பொங்கலுக்கு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ திரைக்கு வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆர். அலிபாபா, அவரைவிட ஒரு படி கூடுதலாகச் சமயோசிதம் உள்ள அடிமைப்பெண் மார்ஜியானாவாக பி.பானுமதி. மூன்று மாதம் கழித்துச் சித்திரைப் பிறப்பையொட்டி ‘மதுரை வீரன்’ வந்தது. அதில் அவர் பாளையக்காரர் மகள் பொம்மி. செப்டம்பரில் சாண்டோ சின்னப்பா தேவரின் முதல் தயாரிப்பான ‘தாய்க்குப்பின் தாரம்’. அங்கே கிராமத்துப் பெண். நவம்பரில் ‘ரங்கோன் ராதா’. கணவனே பைத்தியக்காரப் பட்டம் கட்டிப் பூட்டி வைக்கும் மனைவி. இவற்றுக்கு நடுவே ‘சதாரம்’, ‘தெனாலி ராமன்’, தங்கவேலுவுடன் ‘ரம்பையின் காதல்’. கடைசிப் படத்தில் வானுலகத்து ரம்பையும் அவர்தான்.

ஒரே ஆண்டில் தமிழில் மட்டும் ஏழு படங்கள். அரபுக் கதை, நாட்டுப்புறக் கதை, சமூகக் கதை, புராணச் சாயல் கொண்ட நகைச்சுவை என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஏழு உலகங்கள். தெலுங்கில் அதே ஆண்டு ‘சிந்தாமணி’ வேறு. அதில் தாசி வேடம்.

இத்தனை வேடம் கட்டிய நடிகைகள் வேறு சிலரும் உண்டு. ஆனால் ஏழு படங்களிலும் தன் பாட்டைத் தானே பாடியவர் யார்? 1940-களின் கடைசியில் பின்னணிப் பாடல் முறை வேரூன்றிவிட்டது. பாடத் தெரிந்தால்தான் நடிக்கலாம் என்ற காலம் போய், பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் ஒருவர் என்று வேலை பிரிந்தது. பி.லீலா, ஜிக்கி, பி.சுசீலா ஆகியோரின் குரல்கள் எல்லாக் கதாநாயகிகளுக்கும் பொதுவாயின. பத்மினி ஆடுவார், வேறொருவர் பாடுவார். ரசிகர்கள் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். கே.பி.சுந்தராம்பாள், டி.ஆர்.ராஜகுமாரி தலைமுறையின் அந்தப் பழைய மரபை, புதிய முறை ஆட்சிக்கு வந்த பிறகும் முன்னணிக் கதாநாயகியாக இருந்துகொண்டே காப்பாற்றியவர் பானுமதி. ‘அலிபாபா’வில் ஏ.எம்.ராஜாவோடு அவர் பாடிய டூயட்டைக் கேட்டால் இதன் பலன் புரியும். எம்.ஜி.ஆருக்கு ராஜாவின் குரல் இரவல். பானுமதிக்கோ வசனம் பேசிய அதே குரல்தான் பாட்டுக்குள்ளும் நுழைகிறது. மூக்கோடு லேசாக உரசும், கொஞ்சம் கனமான, யாருக்கும் கடன்படாத குரல்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

ஆந்திரத்தில் ஓங்கோலுக்கு அருகே தொட்டாவரம் என்ற ஊரில் 1925 செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்தவர் பானுமதி. தந்தை பொம்மராஜு வெங்கட சுப்பையா, சங்கீதத்திலும் நாடகத்திலும் ஊறியவர். மகளுக்குச் சிறுவயதிலேயே கர்நாடக இசை தொடங்கி வைத்தார். சி.புல்லையா இயக்கிய ‘வர விக்ரயம்’ (1939) என்ற தெலுங்குப் படத்தில் காளிந்தியாக அவர் நடித்தபோது வயது பதினான்கைத் தாண்டவில்லை. வரதட்சணைக் கொடுமையை எதிர்த்துக் காள்ளகூரி நாராயண ராவ் எழுதிய நாடகம் அது. காளிந்தி, கிழவனுக்கு வாழ்க்கைப்பட மறுத்து உயிரை விடும் பெண். பிற்காலத்தில் ‘முடியாது’ என்று சொல்வதற்கே பெயர் வாங்கியவருக்கு முதல் வேடமே ஒரு மறுப்பாக அமைந்ததைத் தற்செயல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து ‘கிருஷ்ண பிரேமா’ (1943) படப்பிடிப்பில் உதவி இயக்குநர் பி.எஸ்.ராமகிருஷ்ண ராவைச் சந்தித்தார். வீட்டில் எதிர்ப்பு. அதையும் மீறி அந்த ஆண்டே திருமணம் நடந்தது. படமெல்லாம் போதும், குடும்பம் நடத்தலாம் என்று பானுமதி ஒதுங்கினார். விடவில்லை பி.என்.ரெட்டி. வாகினியின் ‘ஸ்வர்க சீமா’வுக்கு (1945) அழைத்து வந்தார்.

அது லேசான வேடமில்லை. தெருவில் ஆடிப் பாடிப் பிழைக்கும் ஒரு பெண் நாடக மேடை நட்சத்திரமாகி, குடும்பஸ்தன் ஒருவனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். நாகையா அந்தக் குடும்பஸ்தர். பதிவிரதை வேடங்களுக்கே கைதட்டல் கிடைத்த காலத்தில், இருபது வயதுப் புது மனைவி இப்படியொரு பாத்திரத்தை ஏற்றார். ஹாலிவுட்டின் ‘பிளட் அண்ட் சாண்ட்’ படத்தில் ரீட்டா ஹேவொர்த் வரும் பாடல் காட்சியின் தாக்கத்தில் பிறந்தது இந்தப் படத்தின் புறாப் பாட்டு. மெட்டமைத்தவர் பாலாந்திரபு ரஜனீகாந்த ராவ். ஸ்பானிய மயக்கமும் நம் ராகமும் கலந்த அந்தப் பாட்டோடு பானுமதியின் பெயர் தென்னாடு முழுக்கப் பரவியது.

தமிழுக்கு அவர் வந்த வழி அவ்வளவு மங்களகரமானதல்ல. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் விடுதலையான தியாகராஜ பாகவதர் புனாவில் எடுத்த ‘ராஜமுக்தி’தான் (1948) தொடக்கம். படம் ஓடவில்லை. இலக்கிய வாசகர்களுக்கு அந்தப் படம் வேறொரு காரணத்தால் நினைவில் நிற்கும்: அதற்கு வசனம் எழுதப் புனா போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி, அந்த ஆண்டே ஜூன் 30-ஆம் தேதி காலமானார். அடுத்த ஆண்டு பி.யு.சின்னப்பாவோடு ‘ரத்னகுமார்’. பிறகு ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’. எம்.கே.ராதா இரட்டை வேடத்தில் வாள் சுழற்றிய அந்தப் படத்தில், லட்டு விற்கும் பாட்டோடு பானுமதி தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு அறிமுகமானார். அதே கதை இந்தியில் ‘நிஷான்’ ஆனபோதும் நாயகி அவரே.

அவருடைய தமிழ்ப் பட்டியலில் கதை எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ‘மலைக்கள்ளன்’ (1954), நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல். கோவை பட்சிராஜா தயாரிப்பு, கலைஞர் கருணாநிதி வசனம், ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம். தெலுங்கில் ‘அக்கி ராமுடு’வாக அது வந்தபோதும் பானுமதிதான். ‘கள்வனின் காதலி’ (1955), கல்கியின் நாவல். முத்தையனாக சிவாஜி, கல்யாணியாக இவர். ‘ரங்கோன் ராதா’, அண்ணாவின் நாவல். ‘கானல் நீர்’ (1961), சரத்சந்திரரின் கதை. எழுத்தாளர்கள் மனத்தில் வரைந்த பெண்களை உயிரோடு நிறுத்த வேண்டியிருந்தபோது தயாரிப்பாளர்களுக்கு முதலில் தோன்றிய பெயர்களில் ஒன்று பானுமதி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர், வசனமே கொடி கட்டிப் பறந்த அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் தன் குரலிலேயே பேசி இந்த இடத்தைப் பிடித்தார்.

‘ரங்கோன் ராதா’வில் கொஞ்சம் நிற்க வேண்டும். மைத்துனியை மணந்துகொண்டு சொத்தைச் சுருட்ட நினைக்கும் கோட்டையூர் தர்மலிங்க முதலியார், தன் மனைவி ரங்கத்துக்குப் பேய் பிடித்திருக்கிறது, புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரை நம்ப வைக்கிறார். ‘கேஸ்லைட்’ என்ற ஆங்கிலப் படத்தின் சாயல் கொண்ட கதை. அங்கே மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அண்ணா அதை மந்திரவாதி, பில்லி சூனியம், பெரிய மனிதர் வேடம் எல்லாம் சேர்த்துச் சுத்தமான தமிழ்நாட்டுக் கதையாக்கியிருந்தார். சிவாஜி துணிந்து வில்லனாக நடித்தார். அவருக்கு எதிரே அழுது வடிந்தால் பாத்திரம் செத்துவிடும். பானுமதி செய்தது வேறு. ரங்கத்தின் பயம் உண்மையாக இருக்கும், ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மனிதன் என்ன செய்கிறான் என்று அவள் கண்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அவள் ஒருநாள் தப்பிப்பாள் என்பதைக் கதை சொல்வதற்கு முன்பே அந்த முகம் சொல்லிவிடுகிறது. நடிப்புக்கு இலக்கணம் வகுத்தவர் என்று அண்ணா இவரைப் பாராட்டினார் என்பார்கள்.

இதுவே அவருடைய எல்லையும்கூட. அடக்க ஒடுக்கமான பெண்ணாக அவர் நடித்தால் பார்ப்பவருக்குப் பாதிதான் நம்பிக்கை வரும். பணிந்து பேசும் வசனத்திலும் ஓர் ஆணை தொனிக்கும். நாட்டியமும் அவருடைய பலமில்லை. பத்மினியோ வைஜயந்திமாலாவோ ஆடித் தீர்க்கும் இடத்தில் பானுமதி ஒரு புருவத்தை உயர்த்தி, ஒரு சங்கதியைப் போட்டு வேலையை முடித்துவிடுவார். அதனால்தான் கர்வக்காரப் பெண்களும் தாசிகளும் அவருக்கு அவ்வளவு பொருந்தினார்கள். தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் கதையான ‘விப்ரநாராயணா’வில் (1954) தேவதேவி, ‘தெனாலி ராமன்’ படத்தில் ராஜநர்த்தகி கிருஷ்ணா, ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி கதையைத் தழுவிய ‘அறிவாளி’யில் (1963) சிவாஜிக்குச் சவால் விடும் மனைவி. ‘அம்பிகாபதி’யின் (1957) அமராவதி மட்டும் விதிவிலக்கு. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி, நூறு பாட்டு முடிந்துவிட்டதென்று அவசரப்பட்டுத் தலை நீட்டும் அந்த இளவரசியின் பதற்றத்தில் அவர் வழக்கமான மிடுக்கையெல்லாம் கழற்றி வைத்திருந்தார்.

சரி, இந்த மிடுக்கு திரையோடு நின்றதா? கோடம்பாக்கத்தில் அவரைப் பற்றி உலவும் கதைகள் ஏராளம். எல்லோரும் ‘சின்னவர்’ என்று குழைந்த எம்.ஜி.ஆரை அவர் மட்டும் ‘மிஸ்டர் ராமச்சந்திரன்’ என்றே கூப்பிட்டார் என்பது ஒன்று. ஸ்டூடியோக் கதைகளில் பாதியைக் கழித்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் கழிக்க முடியாத இரண்டு சம்பவங்கள் உண்டு.

முதலாவது, விஜயா நிறுவனத்தின் ‘மிஸ்ஸம்மா’. எல்.வி.பிரசாத் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்ட படம், தமிழில் ‘மிஸ்ஸியம்மா’. வேலைக்காக இந்துப் பையன் ஒருவனின் மனைவியாக நடிக்கும் கிறிஸ்தவப் பெண் மேரியாக முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. நான்கு ரீல் எடுத்தும் ஆயிற்று. ஒருநாள் வரலட்சுமி விரதப் பூஜையை முடித்துவிட்டு செட்டுக்குத் தாமதமாக வந்தார். தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். பானுமதி எழுதவில்லை. சக்ரபாணியும் இறங்கி வரவில்லை. எடுத்த ரீல்கள் வீணாயின. இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரி முதல் நாயகியானார். சாவித்திரியின் இடத்துக்கு ஜமுனா வந்தார். 1955-இல் படம் வெளியாகி இரு மொழியிலும் பெரும் வெற்றி பெற்றது. தன்னால் ஒரு நல்ல நடிகை கிடைத்தார் என்று பானுமதி பிற்பாடு சொன்னாரே தவிர, கடிதம் எழுதியிருக்கலாமோ என்று வருந்தியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, ‘நாடோடி மன்னன்’. எம்.ஜி.ஆர். சொந்தப் பணத்தைக் கொட்டி, முதன்முதலாக இயக்கிய படம். எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுத்தார் எம்.ஜி.ஆர். தானே ஒரு படத்தை இயக்கி முடித்திருந்த பானுமதிக்கு இது பிடிக்கவில்லை. பிணக்கு முற்றி அவர் விலகினார். விளைவு கதையிலேயே தெரியும்: புரட்சிக்கார நாடோடியின் காதலி மதனா பாதிப் படத்தில் கொல்லப்படுகிறாள், வண்ணத்தில் எடுக்கப்பட்ட பின்பகுதியில் பி.சரோஜாதேவி ரத்னாவாக வந்து சேர்கிறார். 1958 ஆகஸ்டில் வெளியான அந்தப் படம் சரோஜாதேவியின் தமிழ் வாழ்க்கைக்கு வாசலைத் திறந்தது. ஆக, பானுமதியின் இரண்டு பிடிவாதங்களால் தமிழ் சினிமாவுக்கு இரண்டு நாயகிகள் கிடைத்தார்கள் என்று கணக்கு எழுதலாம்.

ஒரு முன்னணி நடிகைக்கு இப்படி எழுந்து போகும் துணிவு எப்படி வந்தது என்று கேட்டால், ‘சுபாவம்’ என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது பாதி பதில்தான். மீதி பதில் சாலிகிராமத்தில் இருந்தது.

1947 வாக்கில் ராமகிருஷ்ண ராவும் பானுமதியும் மகனின் பெயரில் பரணி பிக்சர்ஸ் தொடங்கினார்கள். ‘ரத்னமாலா’ (1948), நாகேஸ்வர ராவுடன் ‘லைலா மஜ்னு’ (1949) என்று படங்கள் வந்தன. பிறகு சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோவும் எழுந்தது. வேறு நிறுவனத்தில் கால்ஷீட் ரத்தானால் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டிய நிலை அவருக்கில்லை. சொந்தப் படத்துக்கு வேலை பார்க்கலாம். அந்தக் கால நடிகைகளில் பலர் ஸ்டூடியோக்களின் மாதச் சம்பள ஒப்பந்தத்தில் தொடங்கி, அவர்கள் சொன்ன வேடத்தைக் கட்டியவர்கள். பானுமதியின் மறுப்புக்குப் பின்னால் ஒரு கட்டடமும், ஒரு நிறுவனமும், பாடகி வேறு தேட வேண்டாத ஒரு தொண்டையும் இருந்தன.

அந்த நிறுவனத்தில்தான் 1953-இல் அவர் இயக்குநரானார். ‘சண்டிராணி’ தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் ஒரே சமயத்தில் உருவானது. அரண்மனையில் வளரும் ஒருத்தி, காட்டில் வளரும் ஒருத்தி என்று இரட்டைச் சகோதரிகளாகவும் அவரே நடித்தார், என்.டி.ராமராவ் நாயகன். இசையமைத்துக்கொண்டிருந்த சி.ஆர்.சுப்பராமன் 1952-இல் இளவயதிலேயே மறைந்துவிட, அவரிடம் உதவியாளராக இருந்த எம்.எஸ்.விஸ்வநாதன் மிச்சத்தை முடித்துக் கொடுத்தார். பானுமதியைத் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல, டி.பி.ராஜலட்சுமி 1936-லேயே ‘மிஸ் கமலா’வை இயக்கிவிட்டார். ஆனால் ஒரே கதையை மூன்று மொழிகளில், இரட்டை வேடத்தில் நடித்துக்கொண்டே, தன் பாட்டையும் பாடிக்கொண்டு இயக்குவது வேறு ஜாதி உழைப்பு. காலையில் ஒரு ஷாட்டைத் தமிழில் எடுத்து, வசனத்தை மாற்றித் தெலுங்கில் எடுத்து, மறுபடி இந்தியில் எடுக்க வேண்டும். இதற்குள் சம்பாவுக்கும் சண்டிக்கும் ஒப்பனை மாற வேண்டும். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டுகூட நிறையவில்லை. வீட்டில் சின்னப் பையன்.

எம்.ஜி.ஆரோடு வந்த பிணக்கு நிரந்தரமாகவில்லை. ‘ராஜா தேசிங்கு’ (1960), ‘காஞ்சித் தலைவன்’ (1963), ‘கலையரசி’ (1963) மூன்றிலும் இருவரும் சேர்ந்தே நடித்தார்கள். ‘கலையரசி’யின் கதை அலாதியானது. வேற்றுக் கிரகத்தில் எல்லாம் இருக்கிறதாம், கலை மட்டும் இல்லையாம். பூமியில் சிறந்த பாடகியைத் தேடி அங்கிருந்து எம்.என்.நம்பியார் பறக்கும் கலத்தில் வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார். இன்று பார்த்தால் அட்டைப் பெட்டிக் கலம் சிரிப்பு மூட்டும். ஆனால் கிரகம் விட்டுக் கிரகம் வந்து கடத்தத் தகுந்த பாடகி என்று கதை எழுதியபோது அந்த வேடத்துக்கு நம்பும்படியாகப் பொருந்தக்கூடிய நாயகி தமிழில் ஒருவர்தான் இருந்தார். மனநிலை பிறழ்ந்த வள்ளி என்ற இன்னொரு வேடமும் அவருக்கு அதில் உண்டு.

அதற்குச் சற்று முன்னால் 1962 டிசம்பரில் ஏவி.எம்.மின் ‘அன்னை’ வந்தது. ‘மாயா மிருக’ என்ற வங்கப் படத்தின் தமிழ் வடிவம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். தங்கை பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் அக்கா, அவன் வளர வளர உண்மை தெரிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் வெந்து போகிறாள். தங்கையாக சௌகார் ஜானகி. முப்பத்தேழு வயதில், கதாநாயகி வாய்ப்புகள் இன்னும் வந்துகொண்டிருந்தபோதே வாலிபப் பையனுக்குத் தாயாக வந்து நின்றார் பானுமதி. அவரிடம் எப்போதும் இருக்கும் அந்த அதிகாரம் இங்கே தாய்மையின் பேராசையாக உருமாறுகிறது. பாசம் எங்கே முடிகிறது, பிடிவாதம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத வேடம். அவருடைய தமிழ்ப் படங்களில் ஒன்றை மட்டும் எடுத்துவைக்கச் சொன்னால், ‘ரங்கோன் ராதா’வை மனசில்லாமல் ஒதுக்கிவிட்டு இதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நடிப்புக்கு வெளியே அவர் செய்தவற்றில் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் தெரியாதது எழுத்து. ‘அத்தகாரி கதலு’ என்ற தலைப்பில் தெலுங்கில் அவர் எழுதிய மாமியார் கதைகள் ஆந்திர வீடுகளில் பிரசித்தம். ஆசாரமான ஒரு மாமியார், அவரை விலகி நின்று ரசிக்கும் மருமகள், ஆவக்காய் ஊறுகாய் போடுவது போன்ற வீட்டு விவகாரங்கள். சினிமாவில் மாமியார் என்றால் கொடுமை என்றிருந்த காலத்தில், மாமியாரைச் சிரித்துக்கொண்டே நேசிக்க முடியும் என்று காட்டிய கதைகள். ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமியின் விருது அவற்றைத் தேடி வந்தது. ‘நாலோ நேனு’ என்ற தன்வரலாற்றுக்குச் சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது கிடைத்தது.

பத்மஸ்ரீ 1966-இல், பத்மபூஷண் 2001-இல். இடையில் இயக்கமும் நிற்கவில்லை: தெலுங்கில் ‘அந்தா மன மஞ்சிகே’ (1972), தமிழில் ‘இப்படியும் ஒரு பெண்’ (1975), முழுக்கக் குழந்தைகளையே நடிக்க வைத்த ‘பக்த துருவ மார்க்கண்டேயா’ (1982). அறுபதை நெருங்கும்போது பாட்டி வேடத்தில் இன்னொரு அலை. பாரதிராஜாவின் ‘மண்வாசனை’யைத் தெலுங்கில் ‘மங்கம்மகாரி மனவடு’ (1984) ஆக்கியபோது தமிழில் காந்திமதி செய்த பாத்திரம் இவருக்கு வந்தது. பேரனாக நடித்த பாலகிருஷ்ணாவின் முதல் பெருவெற்றி அது; ஆனால் படத்தின் பெயரிலேயே முதலில் நிற்பவள் பாட்டி மங்கம்மாதான். தமிழில் ஆர்.கே.செல்வமணியின் ‘செம்பருத்தி’யில் (1992) பிரசாந்தின் பாட்டி. ரோஜா தமிழில் அறிமுகமான படம். கடைசியாக ‘பெள்ளி கானுக’ (1998).

1980-களில் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலத்தில் சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு பானுமதிக்குத் தரப்பட்டது. ‘நாடோடி மன்னன்’ செட்டிலிருந்து எழுந்து போனவரை அழைத்து மாணவர்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் நாற்காலியில் உட்காரவைத்தது அவருடைய அரசு. 1986-இல் கணவர் மறைந்த பின்னும் சென்னையிலேயே இருந்தார் பானுமதி. 2005 டிசம்பர் 24-ஆம் தேதி காலமானார்.

‘மிஸ்ஸம்மா’வில் அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்த சாவித்திரிக்கு அப்போது வயது இருபதைச் சுற்றி. பாடத் தேவையில்லாத, கண்ணாலேயே பேசத் தெரிந்த புதிய வகை நாயகி. அவருடைய கதை அடுத்த இதழில்.

(தொடரும்)